வேலையற்றிருந்த காலமும் நான்காம் சீலமும்



"இந்த இரண்டு வருஷம் என்ன செய்துகொண்டிருந்தாய்?" என்னும் கேள்வி, இக்காலத்தில் வேலை தேடிச் செல்லும் எத்தனையோ பேர் முன் வைக்கப்படுகின்றது. ஒரு வேலை முடிந்த தேதிக்கும் அடுத்த வேலை தொடங்கிய தேதிக்கும் நடுவே விண்ணப்பத்தில் வெற்றிடம் காணப்படுமாயின், அதற்குக் 'கேப்' என்று பெயரிட்டிருக்கின்றனர். நேர்காணலில் அமர்ந்திருக்கும் அதிகாரி அந்த வெற்றிடத்தின்மேல் விரலை வைத்துக் கேட்கின்றார். எதிரே நிற்பவனுக்கு நா உலர்ந்துபோகின்றது.

சித்தூரிலும் திருப்பதியிலும் தம்மம் எடுத்துரைக்கச் செல்லும்போது, பிரசங்கம் முடிந்தபின் இளைஞர்கள் என்னைத் தனியே அழைத்துக் கேட்பது நிர்வாணத்தைப் பற்றியன்று. பெரும்பாலும் இதனைப் பற்றியே. "பஞ்சசீலம் ஏற்றுக்கொண்டோம், ஐயா. நான்காம் சீலம் பொய்யுரை தவிர்த்தல். உள்ளதைச் சொன்னால் வேலை இல்லை; இல்லாததைச் சொன்னால் சீலம் இல்லை. நாங்கள் என் செய்வது?" என்கின்றனர். 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கர் மக்களுக்கு அளித்த 22 உறுதிமொழிகளுள்ளும் பொய் சொல்லேன் என்பது ஒன்று. ஆகையால் நம்மவர்க்கு இது இரட்டைக் கட்டு. இக்கேள்வியை எளிதென்று எண்ணுகின்றவர் வீட்டில் அரிசி தீர்ந்த நாளில் வேலை கேட்டு நின்று அறியாதவர்.

முதலில் 'இடைவெளி' என்பது யாது என்று பார்ப்போம். சித்தூரைச் சுற்றி மாம்பழக் கூழ் ஆலைகள் பல உள. தோத்தாபுரி என்று ஆந்திரத்தாரும், பெங்களூரா என்றும் கிளிமூக்கு என்றும் நம்மவரும் சொல்லும் மாங்கனி பழுக்கும் சில மாதங்களில் அவ்வாலைகள் இரவும் பகலும் ஓடும். பழம் கழுவவும், பொறுக்கவும், கொட்டை நீக்கவும், டின் அடைக்கவும் ஆண்களும் பெண்களும் வரிசையில் நிற்பர். பருவம் முடிந்ததும் வாயில் அடைபடும். பிறகு கரும்பு வெட்டும், வெல்லம் காய்ச்சும் ஆலைக் கொட்டகையும் வரும்வரை கிடைத்த கூலியே கதி. சித்தூரில் பேர்பெற்ற கூட்டுறவுப் பால் பண்ணை 2002-இல் மூடப்பட்டது. ரேணிகுண்டாவை அடுத்த கூட்டுறவுச் சர்க்கரை ஆலையிலும் அரவை நின்றுபோயிற்று. திருப்பதியின் கதை வேறு. அங்கே யாத்திரிகர் வந்தால் பிழைப்பு, வராவிட்டால் இல்லை. 2020 மார்ச்சு மாதப் பிற்பகுதியில் மலைமேல் தரிசனம் நிறுத்தப்பட்டு ஜூன் தொடக்கம் வரையில் திறக்கப்படாதபோது, விடுதிப் பணியாளும் வேன் ஓட்டியும் உணவகச் சமையற்காரனும் பூ விற்றவளும் ஒரே நாளில் வேலையற்றவராயினர். தரிசனம் திறந்தபின்னும் பழைய கூட்டம் திரும்ப நெடுங்காலம் ஆயிற்று.

இவர்களுடைய விண்ணப்பங்களில் வெற்றிடம் இராமல் என் செய்யும்? காகிதத்தில் அது வெற்றிடமாகத் தோன்றுகின்றதே அன்றி, வாழ்க்கையில் வெற்றிடம் என்று ஒன்று இல்லை. அம்மாதங்களில் ஒருவன் செங்கல் சுமந்திருப்பான். ஒருத்தி படுக்கையில் கிடந்த மாமியாருக்குப் பணிவிடை செய்திருப்பாள். மற்றொருவன் தேர்வுக்குப் படித்துத் தோற்றிருப்பான். சம்பளச் சீட்டு இல்லாத காலமெல்லாம் சும்மா இருந்த காலம் என்பது ஆலைக் கணக்கர் கண்டுபிடித்த தத்துவம். எந்த நெறி நூலிலும் அதற்கு ஆதாரம் இல்லை.

நிற்க. வேலையளிப்பவர் இக்கேள்வியைக் கேட்பதே குற்றம் என்று சொல்ல மாட்டேன். பொறியை ஒப்படைக்கின்றார், கல்லாவை ஒப்படைக்கின்றார், சில வேலைகளில் பிறர் உயிரையே ஒப்படைக்கின்றார். வந்திருப்பவன் யார், முன்னிருந்த இடத்தில் களவாடி வெளியேற்றப்பட்டவனா, கைப்பழக்கம் விட்டுப்போயிற்றா என்று அறிய விரும்புதல் நியாயமே. நியாயமான கேள்விக்கு நியாயமான விடை கடன். அந்த விடை எப்படி இருத்தல் வேண்டும் என்பதே நமது ஆராய்ச்சி.

ததாகதர் தம் புதல்வன் ராகுலனுக்கு அம்பலட்டிகையில் உபதேசித்ததை நீங்கள் கேட்டிருப்பீர்கள். பாத்திரத்தில் சிறிதளவே எஞ்சிய நீரைக் காட்டி, அறிந்தே பொய் சொல்ல நாணாதவனிடம் துறவறம் எஞ்சியிருப்பதும் அவ்வளவே என்றார். பின் அதனைக் கொட்டிக் கவிழ்த்துக் காட்டினார். விளையாட்டிற்கும் பொய் கூறலாகாது என்பது அவ்வுபதேசத்தின் முடிபு. விளையாட்டிற்கே ஆகாதென்றால் வயிற்றுக்கு ஆகுமோ?

ஆயினும், இதிலிருந்து சிலர் தவறான முடிவுக்கு வருகின்றனர். பொய் சொல்லலாகாது என்பதற்கு, கேட்டதையெல்லாம் கொட்டிவிடல் வேண்டும் என்று பொருள் கொள்கின்றனர். பகவர் அவ்வாறு சொல்லவில்லை. கண்டதையும் கேட்டதையும் அப்படியே சொல்லிவிடுவதில் குற்றமே இல்லை என்று மகத மந்திரி வஸ்ஸகாரன் சொன்னபோது, அவர் அதை ஒப்பவில்லை. எதைச் சொன்னால் தீமை வளர்ந்து நன்மை தேயுமோ அதைச் சொல்லாதிருக்கவும், எதனால் நன்மை வளருமோ அதைச் சொல்லவும் வேண்டும் என்று பிரித்துக் காட்டினார். பொய் என்பதற்கும் நம் பழைய உரையாசிரியர்கள் நான்கு உறுப்புக்கள் வகுத்தனர்: பொருள் உண்மையல்லாததாயிருத்தல், ஏமாற்றும் எண்ணம் இருத்தல், அதற்கான முயற்சி செய்தல், எதிரே உள்ளவன் அதனை விளங்கிக்கொள்ளுதல். இந்நான்கினையும் கையில் வைத்துக்கொண்டு நமது விண்ணப்பத்தைச் சோதிக்கலாம்.

2019-இல் முடிந்த வேலையை 2021-இல் முடிந்ததாக எழுதுதல் பொய். ஐயமே இல்லை. பணம் கொடுத்து, காணாத கம்பெனியின் பெயரால் அனுபவச் சான்றிதழ் வாங்குதல் பொய் மட்டுமன்று, களவும் ஆகும். அதனை விற்பவன் தீய ஜீவனம் செய்கின்றான். (அது எளிதில் வெளிப்படும் என்பதும் உண்மை. 2014 முதல் வருங்கால வைப்புநிதியில் தொழிலாளிக்கு ஒரே எண் வழங்கப்படுகின்றது. எங்கே சேர்ந்தான், எப்போது விலகினான் என்பதெல்லாம் அதில் ஏறிவிடும். ஆனால் அகப்படுவோம் என்று அஞ்சி உண்மை பேசுதல் சீலமன்று, கணக்கு.) மாதம் குறிக்காமல் ஆண்டு மட்டும் எழுதுவதோ? இதில் பலர்க்கு மயக்கம். பலரும் அப்படி எழுதுவது வழக்கம். கேட்டால் மாதத்தைச் சொல்லச் சித்தமாயிருந்து அவ்வாறு எழுதினால் பொய்யன்று. கேட்டபோதும் மழுப்புவதாக முன்னமே தீர்மானித்து எழுதினால், ஏமாற்றும் எண்ணமாகிய உறுப்பு அங்கே வந்து உட்கார்ந்துவிடுகின்றது. எழுத்து ஒன்றே, சித்தம் வேறு.

வினாக்களுக்கு விடை நான்கு வகை என்று அங்குத்தர நிகாயம் வகுக்கின்றது. நம் மணிமேகலையின் முப்பதாம் காதையிலும் அவ்வகைகள் நல்ல தமிழ்ப் பெயருடன் உள்ளன. அறநூலும் காப்பியமும் நேர்காணலுக்கு உதவுமா என்று சிரிக்க வேண்டா, உதவும்.

"எத்தனை மாதம் வேலையில் இல்லை?" என்றால், அது துணிந்து சொல்லுதற்குரியது. பதினெட்டு மாதம் என்றால் பதினெட்டு என்க. அங்கே தயங்குபவனையே ஐயுறுவர். "சும்மாதானே இருந்தாய்?" என்றால், அது கூறிட்டு மொழிதற்குரியது. "சம்பள வேலை இல்லை, ஆறு மாதம் மாம்பழ ஆலையிலும் கரும்பு வெட்டிலும் கூலி செய்தேன், மீதிக் காலம் தந்தைக்கு வைத்தியம் பார்த்தேன்" என்று பிரித்துச் சொல்லுதல் வேண்டும். ஆம் என்றாலும் பொய். இல்லை என்றாலும் அரைப்பொய். "மறுபடியும் பாதியில் விட்டுப் போய்விடுவாயோ?" என்பது வினாவினாலேயே விடுக்கத் தக்கது. "ஷிப்டு எந்த நேரம், ஐயா? இரவில் திரும்பப் பஸ் உண்டா?" என்று பணிவுடன் கேட்டறிந்து, பின்னரே விடை தருதல் அறிவுடைமை. நான்காவது, வாய்வாளாமை. அதற்குரிய கேள்விகளும் உள. என்ன சாதி, எந்த நோய், எப்போது குழந்தை பெறுவாய் என்பன போன்றவை வேலைக்குப் புறம்பானவை. அவற்றிற்கு மௌனமோ, "அது இவ்வேலைக்குத் தேவையில்லை என்று எண்ணுகின்றேன்" என்னும் மென்சொல்லோ போதும்.

நோயைப் பற்றி ஒரு வார்த்தை. உடல்நலம் குன்றியிருந்தேன், இப்போது வேலைக்குத் தகுதி பெற்றுவிட்டேன் என்பது முழு உண்மை. நோயின் பெயரைச் சொல்லாமையால் அது அரை உண்மை ஆகிவிடாது. எச்.ஐ.வி. பற்றி 2017-இல் இயற்றப்பட்ட சட்டமும், வேலைக்கு முன்நிபந்தனையாக அந்தப் பரிசோதனையைக் கேட்கலாகாது என்கின்றது. ஆனால் ஓட்டுநர் வேலைக்குச் செல்பவன் தனக்கு வலிப்பு வருவதுண்டு என்பதை மறைத்தால் நான் அவனுக்குத் துணை நிற்க மாட்டேன். அங்கே பிறர் உயிர் இருக்கின்றது.

பெண்மக்களின் துன்பம் இதனினும் பெரிது. ஆண் இரண்டு வருஷம் வீட்டிலிருந்தால் ஏன் என்று கேட்பர். பெண் இருந்தால் கேளாமலே முடிவு செய்துவிடுவர். 2024 ஜூனில், ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன் பொருத்தும் ஆலையில் மணமான பெண்களை வேலைக்கு எடுக்காமல் ஒதுக்குகின்றனர் என்று ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் தமிழ்நாட்டு அரசிடம் அறிக்கை கேட்டது. சத்தியவேட்டை அடுத்த ஸ்ரீசிட்டிக்கு வேலைக்குச் செல்ல விரும்பும் நம் பெண்களும் அச்செய்தியைப் படித்து அஞ்சினர். தாலியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு போகலாமா என்று ஒரு பெண் கேட்டாள். நகை அணிவதும் அணியாததும் அவரவர் விருப்பம், அது பேச்சன்று. மணமாகவில்லை என்று வாயால் சொல்லுதலும் எழுதிக் கொடுத்தலும் பொய். அவ்வாறு விடை சொன்னேன். சொல்லிவிட்டு வரும் வழியெல்லாம், அப்பெண்ணை இக்கேள்விக்குத் தள்ளியவன்மேல் எனக்கு எழுந்த சினத்தை அடக்க நெடுநேரமாயிற்று.

இனி, எல்லோரும் மனத்தில் வைத்துக்கொண்டு வாயால் கேளாத கேள்விக்கு வருகின்றேன். உண்மை சொன்னால் வேலை கிடைக்குமா?

கிடைக்கும் என்று நான் வாக்குறுதி தரமாட்டேன். நான் பஞ்சாலைத் தொழிலாளி. ரிங் பிரேமில் பல வருஷம் நூல் இணைத்த கை இது. வேலை செய்த ஆலை கதவடைப்புச் செய்யப்பட்டுப் பிறகு திறக்கவே இல்லை. ஒன்பது மாதம் கட்டட வேலையில் நானும் என் நண்பர் ஒருவரும் கலவை சுமந்தோம். பின்னர் இருவரும் வேறோர் ஆலைக்கு வேலை கேட்டுச் சென்றோம். ஒன்பது மாதம் எங்கே இருந்தாய் என்றார்கள். கதவடைப்பு என்றேன். சங்கத்தில் இருந்தாயா என்றார்கள். இருந்தேன் என்றேன். போய் வா என்றார்கள். நண்பரோ தம் அண்ணன் கடையில் உதவியாக இருந்ததாகச் சொன்னார், வேலை கிடைத்தது. பொய் சொன்னவர் பின்னால் கெட்டழிந்தார் என்று கதையை முடிக்கப் பிரசங்கிகளுக்கு ஆசை இருக்கும். அவர் கெடவில்லை. பிள்ளைகளைப் படிக்கவைத்து நலமாகவே இருக்கின்றார். எனக்கு அடுத்த வேலை கிடைக்க மேலும் ஐந்து மாதம் ஆயிற்று. அந்த ஐந்து மாதத்தின் கடனை அடைக்க இரண்டு வருஷம்.

அவ்வாறாயின் வாய்மையால் வந்த பயன் யாது? பயன் கருதியே ஆராய்வோம். என் நண்பருக்கு அப்பொய்யால் கூலி கிடைத்தது. ஆயின் அவர் எதனை விலையாகக் கொடுத்தார் என்று பாருங்கள். அந்த ஒன்பது மாதம் அவர் வெயிலில் கலவை சுமந்தார். தோளில் புண் வந்தது. அக்கூலியில்தான் குழந்தைகள் உண்டன. தம் வாழ்நாளிலேயே மிகக் கடுமையாக உழைத்த காலம் அது. அதனை நடக்காததாக்கிவிட்டு, இல்லாத ஒரு கடையில் உட்கார்ந்திருந்ததாகச் சொன்னார். உழைத்ததை நாணத்தக்கது என்றும், உழையாததைப் பெருமைக்குரியது என்றும் தம் வாயாலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். நம் மக்களின் உழைப்பை இழிவென்று சொன்னவர்கள் பல நூற்றாண்டுகளாக இருந்தனர். அவர்களோடு நாமும் சேர்ந்து கையெழுத்திடுவதா?

வேறொன்றும் உண்டு. வெற்றிடம் உள்ளவர் ஆயிரவர் இருந்தும், அனைவரும் அதனை மூடி மறைத்தால், மறைக்காத ஒருவன் மட்டும் குறையுள்ளவனாகத் தோன்றுவான். ஆலை மூடலும் நோயும் பேறுகாலமும் ஊரெல்லாம் உள்ள சங்கதி என்பது அதிகாரிக்குத் தெரியாமலே போகும். ஒவ்வொரு பொய்யும் அடுத்து வரும் மெய்யனுக்கு வாயிலைச் சிறிது அடைக்கின்றது. நம்மவர் உண்மை பேசத் தொடங்கினால் அவ்வாயில் சிறிது சிறிதாகத் திறக்கும். ஆனால் முதலில் பேசுபவன் நட்டப்படுவான். இதனையும் மறைக்காமல் சொல்லிவிடுதல் என் கடமை. (தெலுங்கர் பொய்யை 'அபத்தம்' என்கின்றனர்; நாம் அச்சொல்லை அறிவுக்குப் பொருந்தாத செயலுக்கு வழங்குகின்றோம். சித்தூரார்க்கு இரண்டு பொருளும் தெரியும்.)

பொய்யின் பாரம் சொன்னவன் தலையில் மட்டுமோ? 1917-இல் இலண்டனிலிருந்து திரும்பிப் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்ந்த அம்பேத்கருக்கு, தங்க ஓர் அறை தருவார் இல்லை. பார்சிகளின் விடுதி ஒன்றில் பார்சிப் பெயர் சொல்லித் தங்கினார். பதினோராம் நாள் தடி ஏந்தியவர்கள் வந்து வெளியேற்றினர். இதனை அவர் யாரும் கேளாமலே தாமே எழுதிவைத்தார். பெயரை மாற்றிச் சொன்னது சரி என்று அவர் வாதாடவுமில்லை. பட்டதாரியான ஒரு மனிதனைத் தன் பெயரைச் சொல்ல முடியாத நிலைக்குத் தள்ளிய ஊரையே உலகுக்குக் காட்டினார். பொய் சொல்லத் தள்ளுகின்றவனுக்கும் அப்பொய்யில் பங்கு உண்டு என்பதற்கு இதனினும் தெளிவான சான்றை நான் அறியேன்.

ஆகையால் மேசைக்கு அப்பால் அமர்ந்திருப்பவர்க்கும் சீலம் உண்டு. சிகாலோவாத சூத்திரத்தில் பகவர் எசமானனுக்கு ஐந்து கடமைகள் விதித்தார்: வலிமைக்கேற்ற வேலை தருதல், உணவும் ஊதியமும் அளித்தல், நோயுற்றபோது பேணுதல், சுவையானதைப் பகிர்தல், உரிய காலத்தில் ஓய்வு விடுதல். நோயுற்றவனைப் பேணுதல் எசமானனின் கடமை என்றால், நோயுற்றிருந்த காலத்தை அவன்மேல் குற்றமாகச் சாட்டுவது எங்ஙனம் பொருந்தும்? இந்நாட்டுச் சட்டமும் இவ்வளவு தூரம் வந்துவிட்டது. நோய், விபத்து, விடுப்பு, லே-ஆப், கதவடைப்பு, தொழிலாளியின் தவறின்றி வேலை நின்றது ஆகியவற்றால் வந்த தடையைத் தடையாகக் கொள்ளாமல், தொடர்ந்த பணியாகவே எண்ண வேண்டும் என்று 1972-ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம் சொல்லிற்று. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்திற்கு வந்துள்ள சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இக்கருத்து உள்ளது. அது ஓர் ஆலைக்குள் பணிக்கொடையைக் கணக்கிடுதற்கான விதியே என்பது மெய். ஆயினும் கதவடைப்பு தொழிலாளியின் குற்றமன்று என்று சட்டமே சொன்னபின், நேர்காணலில் அதனைச் சொல்ல நம்மவர் தலை குனிய வேண்டுவதில்லை.

சங்கத்தாருள் கடையோ பட்டறையோ வைத்திருப்பவர் சிலர் உள்ளீர். ஆள் எடுக்கும்போது நீங்களும் இதே கேள்வியை இதே குரலில் கேட்கின்றீர்கள் என்று கேள்விப்படுகின்றேன். கேட்கும் முன் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து உட்காரச் சொல்லுங்கள்.

இறுதியாக மிகக் கடினமான நிலை. சிறையில் இருந்தவன் என் சொல்வான்? 2013 டிசம்பரில் சேஷாசலக் காட்டில் வன அலுவலர் இருவர் கொல்லப்பட்டதை ஒட்டி, செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று நூற்றுக்கணக்கான தமிழ்த் தொழிலாளர் பிடிக்கப்பட்டனர். பலர் இரண்டு வருஷத்திற்கு மேல் சிறையில் கிடந்தனர். 2016-இல் திருப்பதி நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. விடுதலையான ஒருவனிடம் அந்த வருஷங்களைக் குறித்துக் கேட்டால், ஊரில் விவசாயம் பார்த்தேன் என்று சொல்லத்தான் எல்லாரும் அறிவுரை கூறுவர்.

குற்றம் செய்தே சிறை சென்றவனுக்கும் வழி உண்டு. அங்குலிமாலன் பிக்குவானபின், பேறுகால வேதனையால் துடித்த ஒரு பெண்ணைக் கண்டு இரங்கி நின்றான். பிறந்தது முதல் அறிந்து ஓர் உயிரையும் கொன்றதில்லை என்னும் வாய்மையால் அவளுக்கு நலம் உண்டாகுக என்று சொல் என்றார் பகவர். அது அறிந்தே சொல்லும் பொய்யாகுமே என்று அவன் தயங்கினான். அப்படியாயின், ஆரியப் பிறப்பில் பிறந்தது முதல் என்று சொல் என்றார். பழையதை அவர் மறைக்கச் சொல்லவில்லை. அவன் கழுத்தில் என்றென்றும் தொங்கவிடவும் இல்லை. எந்நாள் முதல் அவன் வாய்மை தொடங்குகின்றதோ, அந்நாளைக் குறித்துப் பேசச் சொன்னார். தண்டனை முடித்து வந்தவனும் கேட்டால் ஒளியாமல் சொல்லி, "வெளிவந்த நாள் முதல் இன்ன இடத்தில் வேலை செய்தேன், விசாரித்துக்கொள்ளலாம்" என்று அந்நாளிலிருந்து தொடங்குக.

குற்றமின்றிச் சிறைப்பட்டவனை இவனோடு சேர்த்து எண்ணலாகாது. அவன் சொல்ல வேண்டுவது சிறிதே: "வழக்கு ஒன்றில் பிடிக்கப்பட்டு இருந்தேன்; நீதிமன்றம் விடுவித்துவிட்டது." இதற்குமேல் கதை வேண்டா, அழுகையும் வேண்டா. தீர்ப்பின் சான்றிட்ட நகலை வழக்கு நடந்த நீதிமன்றத்தில் விண்ணப்பித்துப் பெறலாம். தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ இருந்தால், தீர்ப்பின் கடைசிப் பக்கத்தை மட்டுமாவது தமிழில் எழுதிக் கொடுக்கச் சித்தூரில் இரு மொழியும் படித்த நம் பிள்ளைகள் இருக்கின்றனர். ஞாயிற்றுக்கிழமை வந்தனைக்கு வரும்போது காகிதங்களைக் கொண்டுவாருங்கள்.